எந்த நாளில் தொடங்கியது

மார்ச் 4

என் பயந்தாங்கொள்ளிக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் ஒரு கையில் பட்டாணி இருப்பாள். அதனால் மற்றொரு கையாலேயே பிரிக்கிற மாதிரி உறையை லேசாகத்தான் ஒட்டியிருக்கிறேன். பார்சலில் ஆறு தொப்பி, நாலு ஜோடி காலுறை. ஆஸ்பத்திரியில் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் புதிதாக வந்த நர்ஸ் பின்னியது. ஒரு தொப்பி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, அதை உன் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பார்.

எட்டாவது வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, "அக்கா, ஒரு பட்டாணி அளவுதான் இருக்கு!" என்று போனில் கத்தினாயே, அன்றிலிருந்து எனக்கு அவள் பட்டாணிதான். நீங்கள் இனி ஊர் மெச்ச என்ன பெயர் வைத்தாலும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நேற்று போனில் குழந்தை மஞ்சளாக இருக்கிறது என்றாயே, நான் சிரித்தேன் என்று கோபமா? என்னடி செய்வது, ஒன்பது வயதில் சட்டைப் பொத்தானை முழுங்கிவிட்டு "செத்துப்போயிடுவேனா அக்கா" என்று என் காலைக் கட்டிக்கொண்டவள் அல்லவா நீ. அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. மூன்று நாள் உன்னை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பொத்தான் அது பாட்டுக்கு வெளியே வந்தது. இதுவும் அப்படித்தான். எங்கள் பிரிவில் பத்துக் குழந்தை பிறந்தால் ஆறு மஞ்சளாக இருக்கும். பிறந்த குழந்தையின் இரத்த அணுக்கள் சீக்கிரம் உடையும், அதிலிருந்து மஞ்சள் வரும். அதை வெளியே தள்ள வேண்டிய ஈரலுக்கு இன்னும் வேலை பழகவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். பால் கொடு, தூங்கினால் தூங்கட்டும். நீயும் தூங்கு.

இருபதாம் தேதி முதல் எனக்கு விடுப்பு. வந்து உன்னைக் குளிக்கக்கூட விடாமல் குழந்தையை நானே வைத்துக்கொள்ளப் போகிறேன். பன்னிரண்டு வருட நர்ஸ் வேலையில் அடுத்தவர் பிள்ளைகளைத்தான் தூக்கியிருக்கிறேன்.

ஆசையோடு,
பட்டாணியின் பெரியம்மா


மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக அவர் சொன்னார். போனை எடுத்தால் எனக்கு அழுகை வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தி, எதையும் தாளில் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகிறது.

நீ நான்காம் தேதி அனுப்பிய பார்சல் கீழ்வீட்டில் கிடந்திருக்கிறது. நாம் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்ததாம். நேற்றுதான் கொடுத்தார்கள். ஒரு கையால் பிரித்தேன், நீ சொன்னபடியே சுலபமாக வந்துவிட்டது. கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

நீ ஓடி வந்து பதினேழு நாள் என்னோடு அந்த வராந்தாவில் கிடந்ததற்கு நன்றி சொன்னால் அடிப்பாய் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஆறாம் தேதி காலை அவள் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. குழந்தை அழுகிற மாதிரியே இல்லை. கம்பியை இழுத்து மீட்டின மாதிரி, உச்சியிலேயே ஒரு சத்தம். முதுகு வில் மாதிரி பின்னால் வளைந்துவிட்டது. அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க முடியவில்லை அக்கா, என்னைத் தள்ளிவிட்டுப் போகிறவள் போல வளைந்தாள். உடம்பு இரத்தம் முழுவதையும் மாற்றினார்கள். நீ வந்தபோது அவள் மஞ்சளை இறக்குகிற நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்தக் கட்டைப் பார்த்துதான் நீ அழுதாய். தினமும் நீயே கட்டிவிடுகிற கட்டுத்தானே என்று நினைத்தேன்.

இப்போது பால் குடிக்கிறாள், ஆனால் பாதியில் மூச்சுத் திணறுகிறது. உடம்பு ஒரு நேரம் துணி மாதிரி தொய்கிறது, ஒரு நேரம் கட்டை மாதிரி விறைக்கிறது. போகப்போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். என்ன தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் அன்று சொன்னார் அல்லவா, "அம்மாவுக்கு ரத்தம் ஓ குரூப், குழந்தைக்கு ஏ. ரெண்டும் ஒத்துக்கலை. பொறந்த அன்னிக்கே மஞ்சள் வந்திருக்கும், அப்பவே விளக்குல போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று. நேற்று வீட்டில் இவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மொதல் நாளே மஞ்சளா இருந்துச்சுன்னு உங்க அக்காகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே."

"நீ சொல்லலைன்னு அவங்க சொல்றாங்க. நான் ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன்."

மூன்றாம் தேதி மத்தியானம் போனில் உன்னிடம் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. பிறந்த அன்று சாயங்காலமே பார்த்தேன் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். தூக்கமில்லாமல் எனக்குப் புத்தி பேதலித்திருந்தது என்கிறார் மாமியார். இருக்கலாம். நீ யோசித்துப் பார்த்துச் சொல். நீ என்ன சொன்னாலும் அதுதான் எனக்கு.

உன்,
பயந்தாங்கொள்ளி


ஏப்ரல் 12

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிரிவில் ஆள் குறைவு, உடனே எழுத முடியவில்லை.

அந்தப் போன் பேச்சு எனக்குச் சரியாக நினைவில்லை. வேலை நேரத்தில் பேசினேன். பிரசவமான உடம்புக்கு முன்பின் குழம்புவது சகஜம், அதை நினைத்து நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

பால் கொடுக்கும்போது தலையைச் சற்று உயர்த்திப் பிடி. விறைக்கும்போது இழுத்து நிமிர்த்தாதே, முழங்காலை மடித்து உருண்டையாக வைத்துக்கொள், தளரும். உடற்பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் வாரம் தவறாமல் கூட்டிக்கொண்டு போ. மூன்று மாதத்தில் காதுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தள்ளிப்போடாதே.

நீ சாப்பிடு. மறக்காமல் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நீ மாதாமாதம் எழுதுகிறாய், நான் பதில் போடவில்லை. எழுத நல்ல செய்தி ஏதாவது வரட்டும் என்று பார்த்தேன்.

பட்டாணிக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு தடவை பார்த்தார்கள், போன வாரம் மறுபடி பார்த்தார்கள். தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டினார்கள். காதில் குறை இல்லையாம், காதிலிருந்து மூளைக்குப் போகிற வழியில்தான் பழுதாம். பரிசோதித்த பெண் சின்ன வயது. சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன், கேட்டுக்கொள்.

ஐந்து மாதமாக நான் அவளுக்குப் பாடியிருக்கிறேன். என் குரலுக்குத்தான் சிரிக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்துவிட்டார். பட்டாணி மட்டும் தன் விரலை வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கை ஒரு பக்கம் கிளம்பினால் வேறு பக்கம் போய்ச் சேர்கிறது அவளுக்கு. ஆனாலும் விடாமல் முயற்சி செய்கிறாள். கழுத்து இன்னும் நிற்கவில்லை.

அச்சகத்தில் என் மேசையைக் காலி செய்துவிட்டு வந்தேன். இழுப்பறையில் என்ன கிடைத்தது தெரியுமா? மூன்று வருடம் முன்பு உங்கள் பிரிவில் தாய்மாருக்குக் கொடுக்க நீ எழுதிய துண்டுத்தாள். நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். என் சிவப்பு மையோடு அந்தப் பிரதி அப்படியே இருக்கிறது. மூன்றாவது வரி: "பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்." 'தாமதிகாமல்' என்று எழுதியிருந்தாய். ஒரு 'க்' சேர்த்திருக்கிறேன். ஏழாவது வரி: "தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள்." அதில் பிழை இல்லை. பக்கத்தில் 'சரி' போட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. வேறு எந்தத் தாய்க்கு இப்படி முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள் சொல்.

அதனால் முடிவு கட்டிவிட்டேன். நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன். "நீங்க கேட்டது சரிதான். அக்காகிட்ட நான் சொல்லலை. சொன்னதா நானா நினைச்சுக்கிட்டேன்" என்றேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எது நின்றாலும் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். இப்போது கண்டுபிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார். ஒரு கடுமையான வார்த்தை கிடையாது. குழந்தையை என்னிடமிருந்து வாங்கும்போது என் கையில் படாமல் வாங்குகிறார், அவ்வளவுதான். மாமியார், "படிச்ச பொண்ணு, பாக்க வேண்டாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நானும் "பாத்திருக்கணும் அத்தை" என்றேன்.

உனக்கு வீணாகக் கஷ்டம் கொடுத்துவிட்டேன். உன் மேல் பழி போடப் பார்த்தேன் போலிருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

தங்கை


ஆகஸ்ட் 11

என் கண்ணே,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

நீ சொன்னாய். நீ எல்லாவற்றையும் சொன்னாய். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. மூன்றாம் தேதி, மத்தியானம் இரண்டரை மணி. நான் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று குழந்தை விளக்கில், இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பத் தாள் எழுத வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே பேசினேன்.

நீ, "அக்கா, பட்டாணி மஞ்சளா இருக்கா" என்றாய்.

"எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்டி."

"இல்லக்கா, பொறந்த அன்னிக்குச் சாயங்காலமே முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. அங்க இருந்த நர்ஸ்கிட்ட கேட்டேன். ஜன்னல் திரை மஞ்சள், அதான் அப்படித் தெரியுதுன்னாங்க."

"அப்புறம் என்ன? அவங்களே சொல்லிட்டாங்கல்ல."

"இப்ப வயிறு வரைக்கும் வந்திருக்கு. பாலுக்கு எழுப்புனா எழுந்திருக்க மாட்டேங்கறா."

"தூங்குற பிள்ளையை ஏன்டி எழுப்புறே? ஒன்னுமில்ல. உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

அப்படிச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்திலிருந்த நர்ஸிடம், "என் தங்கச்சி, பொத்தானை முழுங்கினவ" என்று சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். நீ அழுதுகொண்டே சரி என்று போனை வைத்தாய்.

அன்று காலையில்தான் ஒரு தாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன். எந்த நாள் தொடங்கியது? தினமும் கேட்கிற கேள்வி. அந்நியப் பெண்ணிடம் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, நீயாகவே பதில் சொல்லியும் காதில் வாங்கவில்லை. உன் இரத்த வகை ஓ என்பது எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூட அட்டையில் நான்தான் எழுதினேன். வேறு யாராவது போன் செய்து இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், "இந்த நிமிஷமே தூக்கிட்டுப் போங்க" என்று கத்தியிருப்பேன். நீ சொன்னதால் அது உன் பயமாக மட்டும் எனக்குக் கேட்டது.

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர் கேட்டார். சண்டை போடுகிறவர் மாதிரி கேட்கவில்லை. கையில் இரண்டு காப்பி வைத்துக்கொண்டு, ஒன்றை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார். "அக்கா, மொதல் நாள் விஷயம் உங்ககிட்ட சொன்னாளா?" சொல்லவில்லை என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்த டாக்டர் அப்போதுதான் என்னை "நீங்களும் பச்சிளங்குழந்தைப் பிரிவுலதான் வேலை பாக்குறீங்களா" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அந்த வெட்கம்தான். ஆனால் ஏப்ரல் மாதம் உனக்கு எழுதியது யோசித்து எழுதிய பொய். உன் புத்தி குழம்பியிருக்கிறது என்று எழுதினேன். நீ என்னை நம்புவாய் என்று தெரிந்தே எழுதினேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதையெல்லாம் நம்பினவள் நீ.

நீ அவரிடம் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இத்துடன் அவருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். மாமியாரும் படிக்கட்டும். நீ பார்த்தாய், அந்த நர்ஸிடம் கேட்டாய், என்னிடம் கேட்டாய். தாயாக நீ செய்ய வேண்டியதில் ஒன்றுகூட விடவில்லை. துண்டுத்தாளை நீ படிக்கவில்லை என்கிறாய். எழுதினவளே படிக்கவில்லையே.

எங்கள் தலைமை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். இது பிரிவுக்கு வெளியே நடந்தது என்று தட்டிக்கொடுத்தார். அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. இந்த மாதக் கடைசியில் நான் வரட்டுமா? உன்னைப் பார்க்க வேண்டும். நீ அடித்தாலும் சரி. அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

உன் தாளை அவரிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடி படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "நீ சொல்லியிருக்க. நான்தான் உன்னை நம்பலை" என்றார். பட்டாணியை என் மடியிலிருந்து வாங்கினார். இந்தத் தடவை என் கையோடு சேர்த்து வாங்கினார். அதற்காக உனக்கு நன்றி.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பைத்தியம் இல்லை என்று ஒரு நிம்மதிதான் வந்தது. நான் சொல்லியிருக்கிறேன், என் நினைவு என் நினைவுதான். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. போனில் சிரித்ததற்கு இல்லை. வேலையில் இருந்தாய், என்னைத் தெரியும் என்று நினைத்தாய், தவறிவிட்டது. யாருக்கும் தவறும். ஏப்ரல் கடிதத்துக்குத்தான். நான்கு மாதம் என்னை என் வீட்டிலேயே குற்றவாளியாக உட்கார வைத்தாய். குழந்தையைக் கெடுத்த கை என்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. அந்தக் கையால்தான் அவளுக்குப் பால் புகட்டினேன்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பார்க்கக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன். நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன், அழுத்தின இடம் மஞ்சளாக இருந்தது. நெஞ்சிலும் அப்படியே. அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்த நாள்ல ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"நேத்துக் காலைல பொறந்தான். சாயங்காலமே கொஞ்சம் இருந்துச்சு. வெயில்ல காட்டுனா போயிடும்னாங்க."

"போகாது. வெயிலை நம்பி உக்காராதீங்க. கிளம்புங்க."

நான் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் வண்டியில் ஏறினாள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள், உடனே விளக்கில் போட்டார்கள். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாகக் கத்துகிறான், மாடி வரைக்கும் கேட்கிறது. அவன் அம்மா என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். மேலே வந்து பட்டாணியின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளை பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். அவன் அழும் சத்தம் கேட்டால் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வர வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று முதலில் ஒரு தாளில் எழுதினேன். பார்க்க நன்றாக இருந்தது. உண்மை இல்லை, அதனால் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன். போனும் செய்யாதே. உன் குரல் எனக்கு இப்போது ஆகாது. அம்மா போன பிறகு அந்தக் குரல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன், அதனால்தான் ஆகாது. கடிதம் போடு, படிப்பேன். பதில் வரவில்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று பதறாதே.

பட்டாணிக்கு ஒரு வயது ஆனதும் காதுக்குள் கருவி வைக்கலாமா என்று பார்க்கப் போகிறார்கள். பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறார்கள். அதுவரை கையால் பேசக் கற்றுக்கொள்கிறேன். அவரும் கற்றுக்கொள்கிறார், அவருடைய தடித்த விரலுக்கு அது மடங்க மாட்டேன் என்கிறது. நேற்று அவள் என் மூக்கைப் பிடிக்கக் கிளம்பி நான்காவது தடவையில் பிடித்துவிட்டாள். பிடித்ததும் விடவில்லை.

அவள் வளர்ந்து கேட்பாள். காதாலோ கையாலோ, எப்படியாவது கேட்கத்தான் போகிறாள், எனக்கு ஏன் இப்படி என்று. உனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைப்பேன். மற்றதை நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நீ வா. நீயே அவளிடம் சொல்.

உன் தங்கை